காதுக்கு எத்தனை வாட் வேண்டும்?

"ஏம்மா, அப்பா பாட்டுக் கேக்கறாரா, இல்லே பாப்பாவை எழுப்பறதுக்குன்னே பாட்டுப் போடறாரா?"

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் ஒரு நாள் ராத்திரி இப்படிக் கேட்டாள். பிறந்து இரண்டு மாதமே ஆன பேரன் தொட்டிலில் வீறிட்டுக் கொண்டிருந்தான். கூடத்து மூலையில், சாய்வு நாற்காலியில், கண்ணை மூடியபடி என் கணவர். தலையில் ஹெட்ஃபோன். தொடையில் தாளம். பிள்ளை அழுவது அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அவர் கேட்டுக் கொண்டிருந்த தனி ஆவர்த்தனம், சமையலறை வாசலில் நின்ற எனக்குச் சொல் சொல்லாகக் கேட்டது!

வீட்டில் மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்றுதானே ஹெட்ஃபோன் மாட்டிக் கொள்வது? அதுவே தொட்டில் பிள்ளையை எழுப்பினால்?

நான் போய்த் தோளைத் தட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா, சகோதரிகளே? "அம்முணி, இதுல சத்தமே பத்தலை. நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கியே ஆகோணும்!"

அந்த ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் போன கதைதான் இது. தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இடையில் நான் கற்றுக் கொண்ட சில விஷயங்கள் உங்களுக்கும் உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

பரிசாக வந்த ஹெட்ஃபோன்

என் கணவர் கோவையில் ஒரு பஞ்சாலையில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதிக் காலம் தறிக்கூடத்தில். கச்சேரி என்றால் உயிர். மார்கழி வந்தால் பத்து நாள் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்கு ரயிலேறி விடுவார்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகன் போன வருஷம் லீவில் வந்தபோது, அப்பாவுக்கென்று சென்ஹைசர் எச்.டி. 650 என்ற ஹெட்ஃபோனை வாங்கி வந்தான். 2003-ல் வந்த மாடலாம். இருபது வருஷத்துக்கு மேலாகியும் சங்கீதப் பிரியர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றான். விலை நம் ஊர்ப் பணத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதே தெரிந்திருந்தால் நான் ஒரு பாட்டம் கத்தியிருப்பேன்!

கூடவே, செல்ஃபோனில் செருகிக் கொள்ள விரல் நீளத்தில் ஒரு டாங்கிள். இப்போது வரும் பல செல்ஃபோன்களில் ஹெட்ஃபோன் செருகும் துளையே கிடையாதே, அதற்காக.

இந்த ஹெட்ஃபோனுக்கு இரண்டு பக்கமும் வெளியே வலைதான். 'திறந்த முதுகு' ஜாதி. சங்கீதம் எதிரே மேடையில் நடப்பது போல் விரிந்து கேட்கும். ஆனால் காதுக்குள் போகும் சத்தத்தில் ஒரு பங்கு வெளியிலும் வரும். மட்டாக வைத்துக் கேட்டால் பக்கத்து அறைக்கு எட்டாது. சமையலறை வரைக்கும் வந்தது என்றால் எவ்வளவு உரக்க வைத்திருந்தார் என்று பார்த்துக் கொள்ளுங்கள். அன்றைக்கே அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கடையில் கேட்ட கணக்கு

அடுத்த வாரமே ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த பையன் ஹெட்ஃபோனைப் பார்த்ததுமே, "இது 300 ஓம் சார். டாங்கிள்ல எல்லாம் இது ஓடவே ஓடாது. இதோ, 6 வாட் ஆம்ப்ளிஃபயர். பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கு" என்று ஒரு கனத்த கறுப்புப் பெட்டியைக் காட்டினான். விலை 75,000 ரூபாய்.

மாட்டிக் கேட்ட அவர் முகம் மலர்ந்தது. "அம்முணி, மணி மாதிரி கேக்குது!" என்றார், கடையே திரும்பிப் பார்க்கும்படி.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். இருந்தாலும் 31 வருஷம் உழைத்த மனுஷர், தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யோசிச்சு நாளைக்கு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, நேரே என் தம்பிக்குப் போன் போட்டேன்.

கிணறும் மோட்டாரும்

என் தம்பி பம்ப்செட் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். பாட்டுப் பைத்தியமும் கூட. அன்று சாயந்திரமே வந்துவிட்டான்.

"ஏக்கா, கிணத்து ஆழம் பாக்காம மோட்டார் வாங்குவாங்களா? அஞ்சு ஹெச்.பி. போதுமான இடத்துல பதினஞ்சு ஹெச்.பி. வச்சா, தண்ணி ருசி கூடுமா?" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

ஆம்ப்ளிஃபயரின் வேலை, வரும் மெல்லிய மின்சாரத்தை ஹெட்ஃபோன் அசையும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுப்பது. எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பது ஹெட்ஃபோனைப் பொறுத்தது. அதைத் தெரிந்து கொள்ள, பெட்டியில் போட்டிருக்கும் இரண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் எண் ஓம். மின்சாரத்துக்கு ஹெட்ஃபோன் கொடுக்கும் எதிர்ப்பு அது. 300 ஓம் என்பது ஆழக் கிணறு மாதிரி. நிறையத் தண்ணீர் வேண்டாம், ஆனால் உயரத்துக்குத் தள்ள அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம்தான் வோல்ட். 32 ஓம் என்பது ஆழமில்லாத கிணறு. குறைந்த வோல்ட்டே போதும், ஆனால் ஓட்டம் அதிகம் வேண்டும்.

அந்தக் காலத்தில் ஹெட்ஃபோனின் ஓம் எண் பெரிதாக இருந்தது. சென்ஹைசரே 1968-ல் கொண்டு வந்த எச்.டி. 414 என்ற மாடல் 2,000 ஓம்! பெரிய ஸ்டீரியோ பெட்டிகளில் செருகிக் கேட்ட காலம் அது. 1979-ல் ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தது. இரண்டே இரண்டு பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு அவ்வளவு வோல்ட் ஏது? அதனால் சட்டைப்பையில் எடுத்துப் போகும் பெட்டிகளுக்கென்று 30, 40 ஓம் ஹெட்ஃபோன்கள் பெருகின.

பழைய அரிசி உபரி காணும்

இரண்டாவது எண் உணர்திறன். டெசிபலில் போட்டிருப்பார்கள். இது நமக்கு எளிதில் புரியும். ஒரே ஆழாக்கு போட்டாலும் பழைய அரிசி உபரி காணும், புது அரிசி காணாது. அதுபோல, ஒரே அளவு மின்சாரம் கொடுத்தாலும் சில ஹெட்ஃபோன் உரக்கப் பாடும், சில முனகும்.

ஹெட்ஃபோனின் கதையில் ஒரு சமையலறைக்கும் பங்கு உண்டு என்று தம்பி சொன்னபோது எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தேனியல் பால்ட்வின் என்பவர், 1910-ஐ ஒட்டித் தன் வீட்டுச் சமையலறையிலேயே ஹெட்ஃபோன் செய்து, அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினாராம். வானொலியில் வரும் மெலிந்த ஒலியைக்கூடப் பிடித்துக் காட்டியதால் கடற்படை ஆர்டர் கொடுத்தது. அதற்கு இருந்தது நல்ல 'உபரி'!

எங்கள் எச்.டி. 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும். இதைக் கேட்டதும் தம்பி பென்சிலை எடுத்துக் காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான்.

வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்பது 70, 75 டெசிபலில். மிருதங்கம் உச்சிக்கு ஏறும் இடத்தில் அதற்கு மேல் 15, 20 கூடலாம். அப்போதும் 95-ஐத் தாண்டாது. டாங்கிள் கொடுப்பதே ஏறக்குறைய 1 வோல்ட். ஆக, 'ஓடவே ஓடாது' என்ற பேச்சு தப்பு. இன்னும் தாராளமாக, உச்சியில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக் கொண்டாலும் தேவை சுமார் 2¼ வோல்ட். சக்தி 17 மில்லிவாட். ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்கு!

"ஆனா, ஓமை மட்டும் பாத்து முடிவு பண்ணிராதேக்கா" என்றான். ஹைஃபைமேன் எச்.இ. 6 என்று ஒரு ஹெட்ஃபோன். அது 50 ஓம்தான். பார்த்தால் சாது. ஆனால் ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் உபரி. அதே 110 டெசிபலுக்கு அது கேட்பது சுமார் 450 மில்லிவாட். எங்களுடையதைப் போல் 27 மடங்கு! அப்படிப்பட்டதை வாங்கியவருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபயர் நிஜமாகவே தேவை. எங்களுக்கு இல்லை.

கடையில் காட்டிய 6 வாட் என்பது 32 ஓமுக்குச் சொன்ன கணக்கு. 300 ஓமில் அது 640 மில்லிவாட்டாகக் குறைந்துவிடும். குறைந்தும் என்ன? முழுவதும் திருகினால் 125 டெசிபலைத் தாண்டும். "அது காதுக்குப் பாட்டு இல்லேக்கா, அறை" என்றான் தம்பி.

நடுவில் ஒரு சின்னத் தடை

இன்னொரு எண்ணும் உண்டு. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு இருக்கும். 'அவுட்புட் இம்பீடன்ஸ்' என்பார்கள். அது ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம். எங்கள் 300 ஓமுக்கு 37 வரை பாதகமில்லை.

மேல் வீட்டில் குழாயைத் திறந்தால் நம் வீட்டில் தண்ணீர் மெலியும், பார்த்திருப்பீர்கள். நடுவில் வரும் குழாய் குறுகலாக இருப்பதுதான் காரணம். ஹெட்ஃபோனின் எதிர்ப்பும் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எங்களுடையது கனத்த ஒலிகளில் 500 ஓம் வரை ஏறுமாம். உள்தடை பெரிதாக இருந்தால் ஒரு ஸ்வரம் வீங்கும், ஒரு ஸ்வரம் மெலியும். பழைய ஸ்டீரியோ பெட்டிகள் சிலவற்றில் இந்தத் தடை 100 ஓமுக்கு மேல் கூட உண்டு. வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? அதே வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்களும் இன்று வருகின்றன. அவற்றில் சில வகைகளுக்கு உள்தடை அதிகம். 300 ஓமோடு ஒத்துப் போகும், 32 ஓமோடு ஒத்துப் போகாது. வாங்குவது உங்கள் பிரியம், ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

கண்ணைக் கட்டி ஒரு பரீட்சை

இவ்வளவு சொல்லியும் என் கணவர் அசையவில்லை. "கணக்கு கிடக்குதப்பா. காதால கேட்டேனே நானு! டாங்கிளுக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்" என்றார்.

தம்பி சிரித்துக் கொண்டே போனான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டிகளோடு வந்தான். ஒன்று, சிநேகிதரிடம் ஒரு நாள் இரவல் வாங்கிய பெரிய ஆம்ப்ளிஃபயர். மற்றது அவனுடைய சின்னப் பெட்டி. அந்தச் சின்னதற்கு ஒரு கதை உண்டு. 2011-ல், தன் பெயரைச் சொல்லாத ஒரு நிபுணர் 'ஓ 2' என்று ஒரு ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம் என்று வரைபடத்தை இலவசமாக வெளியிட்டார். நல்ல ஆம்ப்ளிஃபயர் தன் சரக்கு எதையும் பாட்டில் கலக்கக் கூடாது என்பது அவர் கட்சி. 2012-க்குப் பிறகு அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். யார் என்று உலகத்துக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் வடிவமைத்த பெட்டி மட்டும் வீடு வீடாகப் பாடிக் கொண்டிருக்கிறது.

தம்பி முதலில் மல்ட்டிமீட்டரை வைத்து இரண்டு பெட்டியிலும் சத்தத்தை ஒன்று போல் சமன் செய்தான். இதுதான் முக்கியம். இரண்டில் எது ஒரு சிட்டிகை உரக்கக் கேட்கிறதோ, அதுதான் 'துல்லியம்', 'இனிமை' என்று நம் காது நம்பிவிடும். கடையில் நடந்ததும் அதுதான். பெரிய பெட்டியை அந்தப் பையன் கொஞ்சம் கூட்டி வைத்திருந்தான், அவ்வளவே.

அப்புறம் அவர் கண்ணில் துண்டைக் கட்டி, பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டான். எது எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். அவர் பத்தில் ஐந்து சொன்னார். என் மகள் ஆறு. நான் நாலு! பூவா தலையா போட்டாலும் அதுதான் வரும்.

கணவர் துண்டை அவிழ்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "சரி, பெட்டியில குத்தமில்லே. அப்புறம் ஏன் எனக்குத் தம்புரா ரீங்காரம் கேக்க மாட்டேங்குது?"

"ஏன் நிறுத்திட்டே?"

அந்தக் கேள்வியில்தான் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, வெறும் ஒலி ஒவ்வொண்ணா போடறேன். கேக்கறப்ப கையைத் தூக்குங்க" என்று செல்ஃபோனில் ஏதோ எடுத்தான். ஒலி மூவருக்கும் கேட்கட்டும் என்று ஹெட்ஃபோனைக் கழற்றி ஸ்பீக்கரில் வைத்தான்.

500. கை தூக்கினார். 1,000. தூக்கினார். 2,000. தூக்கினார். 4,000. கொஞ்சம் யோசித்துத் தூக்கினார். அப்புறம் 8,000. விசில் போல ஊசியாக ஒரு ஒலி. என் மகள் காதைப் பொத்திக் கொண்டாள். எனக்கும் கேட்டது. தொட்டிலில் பேரன்கூடத் தலையைத் திருப்பினான்.

அவர் கையைத் தூக்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் நிறுத்திட்டே?" என்றார்.

ஒலி நிற்கவே இல்லை, சகோதரிகளே.

ஒருத்தரும் பேசவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சமையலறைக்குள் போய் நின்று கொண்டேன். இரண்டு வருஷமாக, "கூப்பிட்டாத் திரும்பறதே இல்லே, எல்லாம் வேணும்னுட்டு" என்று நான் அவரிடம் போட்ட சண்டை ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. குக்கர் விசில் எண்ணச் சொன்னால் எண்ண மாட்டார். பிள்ளை அழுதால் எழுந்திருக்க மாட்டார். நான் அதையெல்லாம் அலட்சியம் என்று நினைத்தேனே!

டாக்டர் காட்டிய படம்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். சத்தம் புகாத சிறு அறையில் உட்கார வைத்து 'ஆடியோகிராம்' எடுத்தார்கள். வலியில்லை, ஊசியில்லை, அரை மணி வேலை. அந்தப் படத்தில் கோடு 2,000 வரை சமமாய் வந்து, பிறகு மாடிப்படி போல இறங்கியது. தறிக்கூடத்துச் சத்தம் பாதி, வயசு பாதி என்றார் டாக்டர். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் ஒரு தடவை போனால் மறுபடி முளைப்பதில்லையாம்.

"பாட்டு எவ்வளவு சத்தமா வச்சுக் கேப்பீங்க?" என்றார். தம்பி அளந்து வைத்திருந்தான். டாங்கிளை முழுவதும் ஏற்றி வைத்தால் சராசரி 89 டெசிபல்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 83-ல் 20 மணி. 86-ல் 10 மணி. 89-ல் 5 மணி. என் கணவர் தினம் இரண்டு மணி, வாரத்துக்குப் பதினாலு மணி கேட்டுக் கொண்டிருந்தார். கேட்காத காதுக்கு ஈடாகச் சத்தத்தைக் கூட்டி, இருக்கிற காதையும் தேய்த்துக் கொண்டிருந்திருக்கிறார். அந்த 6 வாட் பெட்டியை வாங்கிக் கொடுத்திருந்தால் நானே அதற்குத் துணை போயிருப்பேன்.

டாக்டர் காது கேட்கும் கருவி வைத்துக் கொள்ளச் சொன்னார். "கெழவனாக்கிட்டாங்க" என்று ஒரு வாரம் முறைத்துக் கொண்டிருந்தார் இவர். தம்பிதான் வழிக்குக் கொண்டு வந்தான். "மாமா, அதும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தான். எந்த ஸ்வரம் குறையுதோ அதை மட்டும் தூக்கிக் குடுக்கும். மத்ததைத் தொடாது. 75,000 ரூபாய்ப் பொட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது."

வாஸ்தவம்தானே? வெறும் சத்தத்தைக் கூட்டினால் ஏற்கனவே நன்றாகக் கேட்கும் ஒலிகள்தான் இன்னும் காதை அடைக்கும். குறை குறையாகவே இருக்கும்.

கடைசியில் வாங்கியது

காதுக் கருவி ஜோடிக்கே ஒதுக்கி வைத்த பணத்தில் பெரும் பங்கு போனது. மிச்சத்தில் ஹெட்ஃபோனுக்கும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம். 'அதுதான் டாங்கிளே போதும் என்றாயே' என்பீர்கள். இப்போது வரும் பதிவுகளுக்குப் போதும். ஆனால் அவரிடம் இருப்பவை பழைய கேசட்டிலிருந்து எடுத்த கச்சேரிகள். அவை மிகவும் தணிந்த ஒலியில் பதிவானவை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டும். அந்த மட்டில் அவர் சொன்னதும் நியாயமே.

எங்களுடையது 300 ஓமில் 4 வோல்ட் கொடுக்கும். அதாவது 53 மில்லிவாட். உள்தடை 1 ஓமுக்கும் கீழே. செல்ஃபோனிலிருந்து நேரே வயர் செருகலாம். பத்தாயிரத்துக்குள் முடிந்தது. வெள்ளையடிப்பு அடுத்த வருஷம்!

சத்தம் கூட்டும் குமிழில் ஓர் இடத்தில் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். தம்பி அளந்து சொன்ன எல்லை அது. பொட்டைத் தாண்டினால் எங்கள் வீட்டில் சண்டை. இது வரைக்கும் தாண்டவில்லை.

நீங்கள் வாங்குவதானால்

எனக்குத் தெரிந்த மட்டில் சில யோசனைகள்:

வயர் இல்லாத ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டாம்.

வயர் உள்ளது என்றால் ஓம், உணர்திறன் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் டாங்கிளில் கேளுங்கள். முக்கால் அளவிலேயே போதுமென்று தோன்றினால் கடைக்கே போக வேண்டாம்.

'இத்தனை வாட்' என்றால், "எத்தனை ஓமுக்கு?" என்று கேளுங்கள். உள்தடையும் கேளுங்கள்.

தேவைக்கு மீறிய பெட்டியில் இன்னொரு சங்கடமும் உண்டு. குமிழை ஒரு நூல் திருப்பினாலே சத்தம் குதிக்கும். அடிமட்டத்தில் வைத்தால் சில பெட்டிகளில் ஒரு காதில் கூடவும் ஒரு காதில் குறைவாகவும் கேட்கும். 'கெயின்' என்று சுவிட்ச் இருந்தால் அதைத் தாழ்வில் வையுங்கள்.

பாட்டே ஓடாதபோது மாட்டிப் பாருங்கள். 'உஸ்' என்ற இரைச்சலோ 'ங்' என்ற முனகலோ கேட்கக் கூடாது. பேலன்ஸ்டு அவுட்புட்டில் வோல்ட் கூடும், உண்மை. ஆனால் சாதாரண வோல்ட்டே போதும் என்கிற ஹெட்ஃபோனுக்கு அது அவசியமில்லை.

குமிழைத் தாழ்த்திவிட்டு சுவிட்ச் போடுங்கள், அதற்குப் பிறகு காதில் மாட்டுங்கள். ஸ்பீக்கருக்கான வயரில் ஹெட்ஃபோனை இணைக்கவே கூடாது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு 75 டெசிபல்தான், வாரம் 40 மணிக்கு. பெரியவர்களின் ஹெட்ஃபோனைப் பிள்ளை தலையில் மாட்டிப் படம் பிடித்து வேடிக்கை பார்க்காதீர்கள். உங்கள் காதில் மாட்டியிருக்கும்போது, மூன்று அடி தூரத்தில் பேசுபவர் குரல் கேட்கவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

வீட்டில் யாராவது, "இந்த டி.வி.யில சத்தமே இல்லே", "இந்த ரேடியோ சரியில்லே" என்று அடிக்கடி சொல்கிறார்களா? பெட்டியை மாற்றுவதற்கு முன் ஒரு தடவை காதைப் பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம்தான்.

போன வாரம் நான் பின்கட்டில் துணி துவைத்துக் கொண்டிருந்தேன். மகள் குளிக்கப் போயிருந்தாள். பேரன் தொட்டிலில் லேசாகச் சிணுங்கினான். எழுந்து ஓடுவதற்குள் கூடத்திலிருந்து என் கணவர் குரல் கேட்டது:

"நீ வர வேண்டாம் அம்முணி. கேட்டுருச்சு, நான் ஆட்டறேன்."